மாடு பார்த்த கண்ணோடு குதிரை பார்க்கப் போகிறவருக்கு

கேள்வி இதுதான்: "கிளிநொச்சியில் காணி இருக்கிறது, மாடு வளர்த்த பழக்கமும் இருக்கிறது. நுவரெலியாவில் றேஸ் ஓடிய 7 வயதுக் குதிரை ஒன்று வவுனியாவில் விலைக்கு வந்திருக்கிறது. நல்ல சாது என்கிறார்கள். போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?"

வன்னியில் மாடு பார்க்கத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பட்டிக்கு வெளியில் நின்றபடியே எந்த நாம்பன் வண்டிக்கு ஆகும், எது ஆகாது என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண் குதிரைக்குப் பாதிதான் உதவும், மற்றப் பாதி ஏமாற்றும். வளைகுடாவில் நீண்டதூர ஓட்டக் குதிரைகளின் லாயத்தில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். இரண்டையும் பார்த்த அளவில் சொல்கிறேன்.

முதலில் கால். முகம், பிடரி மயிர், நிறம் எல்லாம் பிறகு பார்க்கலாம். போவதாகச் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். குதிரை கொட்டிலில் சும்மா நிற்கும்போது பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஓட்டி, குளிப்பாட்டி, மினுக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். விறைப்போடு நடக்கிற குதிரைகூட உடம்பு சூடேறியதும் நன்றாக நடந்துவிடும்.

முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கமாக ஓடும் தசைநாணை விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் பிடித்து மெல்லக் கீழே வழித்துக்கொண்டு வாருங்கள். றேஸ் ஓடிய குதிரை பெரும்பாலும் அடிபடும் இடம் அது. இறுக்கமான கயிறுபோல நேராக இருக்க வேண்டும். வீக்கம், சூடு, வில்போல வெளியே வளைந்த தடிப்பு, தொட்டதும் காலை இழுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் பழையதோ புதியதோ, காயம் என்று வையுங்கள். ஒரு காலை மட்டும் பார்த்தால் விளங்காது. மற்றக் காலோடு ஒப்பிட வேண்டும்.

பிறகு குளம்பு. மாட்டுக்குப் பிளந்த குளம்பு, ஒரு பாதி நொந்தால் மற்றப் பாதியில் சமாளித்து நடக்கும். குதிரைக்கு ஒரே குளம்புதான், அது போனால் குதிரையே போனமாதிரி. நாலு காலையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்க விடுகிறதா என்பதே ஒரு சோதனை. அடியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கிற பகுதியில் கறுப்பாகக் கசிந்து நாறினால் ஈரத்தில் கட்டி வைத்த குதிரை, அது மாற்றக்கூடியது. குளம்புச் சுவரில் வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிப்பக்கம் அகன்றும் போனால், உள்ளே குளம்பு அழற்சி வந்து போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அது திரும்பத் திரும்ப வரக்கூடிய வியாதி. இன்னொன்று: வண்டி மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரைக் கொண்டு குதிரைக்கு அடிக்க முடியாது. குளம்பைச் சீவுவதே வேறு வேலை, அதை 6 முதல் 8 கிழமைக்கு ஒருதரம் செய்ய வேண்டும். அதற்கு ஆள் எங்கே இருக்கிறார் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

அடுத்தது நடை. கெட்டியான கிறவல் றோட்டில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, நேராக நடத்தி, பிறகு துள்ளு நடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தலையைக் கவனியுங்கள். முன்னங்கால் நொண்டினால், நோகிற கால் நிலத்தில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே வரும். பின்னங்கால் என்றால் இடுப்பின் ஒரு பக்கம் கூடுதலாக ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் சின்ன வட்டம் சுற்ற வையுங்கள். நேரில் ஒளிந்துகொள்ளும் நொண்டல் வட்டத்தில் வெளியே வந்துவிடும். கயிற்றை முகத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடத்தினால் தலை ஆடாது. விற்பவர் அப்படிப் பிடித்தால் விடச் சொல்லுங்கள்.

வயதை 7 என்கிறார்கள். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் இல்லை, கீழ்ப்பல்லைப் பார்த்தே வயது சொல்லிப் பழகியிருப்போம். குதிரைக்கு மேலே ஆறு, கீழே ஆறு. 5 வயதோடு எல்லாம் நிலைப்பல்லாகிவிடும். அதன்பிறகு கீழ்ப்பற்களின் மேற்பரப்பில் இருக்கும் குழிகள் தேய்வதைத்தான் பார்க்க வேண்டும். நடுச்சோடியில் ஏறக்குறைய 6 வயதிலும், அடுத்த சோடியில் 7 வயதிலும், ஓரத்தில் 8 வயதிலும் தேய்ந்து போகும். மேல்வாயின் ஓரப்பல்லில் ஈறோரம் ஒரு பள்ளக் கோடு தொடங்கியிருந்தால் அது 10 வயதுக்கு வந்துவிட்டது, பல்லின் பாதிவரை இறங்கியிருந்தால் 15 பக்கம். இதெல்லாம் மதிப்புத்தான். ஆனால் 7 என்று சொன்னதில் கோடு பாதிவரை ஓடினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முன்பற்களின் விளிம்பு விசித்திரமாகத் தேய்ந்திருந்தால் கொட்டில் கதவையும் பாருங்கள். மரத்தைக் கவ்விக் காற்று உறிஞ்சும் பழக்கம் இருக்கலாம்.

சுழி பார்க்கிறவர் யாராவது கட்டாயம் கூட வருவார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் குதிரையில் சுழிக்கு ஒரு நல்ல பயன் உண்டு. றேஸ் குதிரையின் ஆவணத்தில் முகத்திலும் கழுத்திலும் சுழி எங்கெங்கே, வெள்ளை அடையாளம் எங்கெங்கே என்று குறித்திருக்கும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால், நிற்கிறது அதே குதிரைதானா என்று தெரிந்துவிடும். தாளே இல்லை என்றால் "றேஸ் ஓடியது" என்பது வெறும் கதை. சிலர் நெடுந்தீவுக் குதிரை என்றும் ஒன்றைக் காட்டுவார்கள், அந்தப் பக்கமே போக வேண்டாம். அவற்றைத் தீவை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது.

"நல்ல சாது" என்பதைத்தான் நான் மிகவும் சந்தேகிப்பேன். பட்டினி கிடக்கிற குதிரையும் சாது, மயக்க ஊசி போட்ட குதிரையும் சாது. கீழுதடு தொங்கி, தலை தாழ்ந்து, கால் தள்ளாடினால் அன்றைக்கு ஒன்றும் முடிவெடுக்காதீர்கள். நோவுக்கு மருந்து கொடுத்திருந்தாலும் நொண்டல் தெரியாது. அதனால் சில நாள் கழித்து, சொல்லாமல் இன்னொருதரம் போங்கள். பிடிப்பது, கடிவாளம் போடுவது, சேணம் இறுக்குவது எல்லாம் உங்கள் கண்முன்னே நடக்கட்டும். முதலில் விற்பவர் ஏறட்டும். அவர் ஏறத் தயங்கினால் நீங்கள் ஏன் ஏற வேண்டும்?

ஓடி முடித்ததும் நாடி பாருங்கள். கீழ்த்தாடை எலும்பின் உட்பக்க விளிம்பில் குழாய்போல ஓடும் இரத்த நாடியில் விரலை வைத்தால் தெரியும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. நாங்கள் பார்த்த நீண்டதூரக் குதிரைகளுக்கு, ஓடிவிட்டு வந்து குறித்த நேரத்துக்குள் 64க்கு இறங்காவிட்டால் போட்டியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். கொஞ்சத் தூரம் ஓடிய குதிரை கால்மணி நேரத்துக்குப் பிறகும் அதற்கு மேல் நின்றால் எனக்குப் பிடிக்காது.

இங்கேதான் நம்முடைய வெயில் வருகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. அங்கே நன்றாக ஓடிய குதிரை ஆவணி வெயிலில் ஓமந்தையில் நின்று பார்த்ததில்லை. வெக்கை நாட்டில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். தோல் காய்ந்து, மூக்குத்துளை விரிந்து, நிழலில் நின்றும் மூச்சு வாங்கும். எருமை மாடு வெக்கையில் மூச்சு வாங்கினால் குளத்துத் தண்ணியில் இறங்கிக் கிடந்து தேறிவிடும். வியர்க்காத குதிரையை வேலைக்கு எடுக்கவே முடியாது. ஆகவே காலை ஏழு மணிக்குப் பார்க்கக் கூப்பிட்டால் மதியம் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஓடியதும் கழுத்திலும் சேணத்துக்குக் கீழேயும் நன்றாக நனைந்திருக்க வேண்டும்.

தீனியில் மாட்டுப் பழக்கம் ஆபத்து. நம் பக்கம் தவிட்டுக்குக் குறைவில்லை, ஆனால் தவிட்டில் பொஸ்பரசு கூட, கல்சியம் குறைவு. பால் மாட்டுக்கு வெட்டிப் போடுகிற சீஓ-3 புல்லில் ஒக்சலேற்று இருக்கிறது, அது இருக்கிற கல்சியத்தையும் பிடித்து வைத்துவிடும். இரண்டையுமே நம்பி வளர்த்த குதிரைக்கு முகவெலும்பு வீங்கும், காரணம் தெரியாமல் நொண்டும். விற்கிற இடத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, கண்ணுக்குக் கீழே முகத்தின் இரண்டு பக்கத்தையும் தடவிப் பாருங்கள். மொனென்சின் என்ற மருந்து கலந்த மாட்டுத்தீவனமோ கோழித்தீவனமோ குதிரைக்கு நஞ்சு. அது அந்த வளவில் கிடந்தால் எச்சரிக்கையாயிருங்கள். ஏற்புவலித் தடுப்பூசி போட்டதற்குத் துண்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் மிருக வைத்தியருக்குச் செலவழிக்க வேண்டும். நம் பக்கத்து வைத்தியர்களின் கை பெரும்பாலும் மாட்டிலும் ஆட்டிலும் பழகியது. குதிரை பார்த்த ஒருவரைத் தேடுங்கள், பேராதனை மிருக வைத்திய பீடத்தில் கேட்டால் வழி கிடைக்கும். விற்பவரின் வைத்தியர் வேண்டாம். மறுபடியும் பார்க்கப் போகிற அன்றைக்கு லொறியையும் கையோடு கொண்டுபோய், ஒருதரம் ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஏற மறுக்கிற குதிரையை வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ9 வீதியால் நடத்திக்கொண்டு வர முடியாது.