ஸ்லாவ் எக்ஸ்சேஞ்ச்: சமச்சீர் எங்கே முறிய வேண்டும்?
சதுரங்கத்தில் ஸ்லாவ் எக்ஸ்சேஞ்ச் என்ற தொடக்கத்தை ஆடும்போது, வெள்ளையின் நகர்த்தல்களை அப்படியே திருப்பி ஆடியும் கறுப்பில் தோற்பதாக எழுதியிருந்தீர்கள். காய்கள் ஒத்திருந்தாலும் அடுத்து ஆடும் முறை வெள்ளையிடம்தான். சிப்பாய்கள் இல்லாமல் திறந்திருப்பது சி நிரல் (சி என்ற செங்குத்து வரிசை) மட்டுமே. அதனால் நெருக்கடி முழுவதும் உங்கள் சி6 குதிரை மீது விழுகிறது.

வெள்ளையின் ஒரு பிஷப் எஃப்4-இலும் உங்களுடையது எஃப்5-இலும் நிற்க, வெள்ளை தன் மற்ற பிஷப்பை பி5-க்குக் கொண்டுவந்ததும், பின்னால் ராஜா இருப்பதால் அந்தக் குதிரை நகர முடியாமல் கட்டுண்டு போகும். பிறகு வெள்ளை ராணி ஏ4-க்கும் குதிரை இ5-க்கும் வந்தால் சி6 என்ற ஒரே கட்டத்தின் மீது மூன்று காய்களின் தாக்குதல் குவியும். பிஷப் பி5-க்கு வந்ததுமே நகலெடுப்பதை நிறுத்துங்கள்! நகலெடுத்து உங்கள் பிஷப்பையும் பி4-க்கு அனுப்பலாம்தான், ஆனால் சிக்கல் அதிகம். அதற்குப் பதில் உங்கள் எஃப்6 குதிரையை டி7-க்கு இழுங்கள். பின்வாங்குவது போலத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த நகர்த்தல் இது. அந்தக் குதிரை ராஜாவுக்கு முன்னால் மறைப்பாக நிற்பதால் கட்டு அவிழ்கிறது, இ5-க்கும் காவல் கிடைக்கிறது. ராணி ஏ4-க்கு வந்தால் யானையை சி8-இல் நிறுத்திவிட்டு, ஏ6 ஆடி பிஷப்பை விரட்டுங்கள்.