குதிரையின் காதும் ஒரு குடையும்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாகக் குதிரைகளைப் படமெடுக்கப் பழகிவருகிறேன். தெரிந்தவரின் மேய்ச்சல் திடலில், அவருடைய அனுமதியோடுதான். என் படங்களில் குதிரையின் தலை பெரிதாகவும் உடல் சிறுத்தும் விழுகிறது. கறுப்புக் குதிரை சாம்பல் பூத்து வருகிறது. கேமராவோடு போய் நின்றால் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்கிறது, காதும் சரிந்துவிடுகிறது. அனுபவசாலி ஒருவர் சொன்னபடி, இப்போது நண்பனை எதிரே நிறுத்திக் குடையைச் சட்டென்று விரிக்கச் சொல்கிறேன். உடனே காதுகள் விறைத்து, கழுத்து உயர்ந்து, படம் கம்பீரமாக வருகிறது. ஆனால் நாலைந்து முறைக்குப் பிறகு இதுவும் பலிப்பதில்லை. வேறு உத்தி உண்டா? எந்த லென்ஸ் வாங்கலாம்? கணினியில் எவ்வளவு திருத்தலாம்? தோற்றுப்போன படம் ஒன்றும், குடை விரித்து எடுத்த படம் ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு படங்களையும் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். முதலில் கோபம்தான் வந்தது. அனுமதி கேட்டுக்கொண்டு திடலுக்குள் போகிறவர் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்திருக்கமாட்டார் என்று பிறகு தோன்றியது. அதனால் எழுதுகிறேன். குடையை விட்டுவிடுங்கள். யார் சொல்லிக்கொடுத்திருந்தாலும் சரி, விட்டுவிடுங்கள்.

நீங்கள் கம்பீரம் என்று எழுதியிருக்கும் படத்தில் அந்த விலங்கின் முகத்தைப் பாருங்கள். கண்ணோரத்தில் வெள்ளை தெரிகிறது. அப்பலூசா போன்ற இனங்களுக்கு அது இயல்பாகவே தெரியும். உங்கள் குதிரைக்கு அப்படி இல்லை, முதல் படத்தில் அதே கண்ணில் வெள்ளையே இல்லை. கண்ணுக்கு மேல் தோல் மடிந்து முக்கோணமாக ஏறியிருக்கிறது. நாசி விரிந்திருக்கிறது, வாய் இறுகியிருக்கிறது, உடலின் பாரமெல்லாம் பின்னங்கால்களுக்குப் போய்விட்டது. அடுத்த நொடி ஓடுவதற்கு ஆயத்தமாகிவிட்ட குதிரை அது. மிரண்ட குதிரை கயிற்றைப் பிடித்திருப்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் என்பதை யாராவது உங்கள் நண்பருக்குச் சொன்னார்களா?

இந்த விஷயம் என் மனத்தில் வெகுநாளாகக் கிடக்கிறது. லாயத்திலேயே வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஒருமுறை நாங்கள் போயிருந்த வீட்டின் சுவரில் பெரிய நாட்காட்டி ஒன்று தொங்கியது. வெள்ளைக் குதிரை, பறக்கும் பிடரி, நிமிர்ந்த கழுத்து. வந்தவர்கள் எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவர் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "எதைக் காட்டி இதை மிரட்டினார்கள்?" என்று கேட்டார். யாருக்கும் கேள்வியே விளங்கவில்லை. அன்றிலிருந்து குதிரைப் படம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கண்ணோரத்தைத்தான் பார்க்கிறேன். பரிசு பெற்ற படங்களிலும் விளம்பரப் படங்களிலும் எத்தனை குதிரைகள் பயந்து நிற்கின்றன!

அவர் குதிரையிடம் போகிற விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தூரத்திலிருந்தே பேச்சுக் கொடுப்பார். தோள் பக்கமாகச் சாய்வாக நடந்து வருவார். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. அந்த இரண்டு இடங்களிலிருந்தும் அவர் ஒருநாளும் வந்ததில்லை. படம் எடுக்கப் போகிறவர்களோ பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

1878-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், செல்வந்தர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் ஓடுபாதையோரம் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரையைப் படமெடுத்தார். அதுவரை ஓவியர்கள் முன்கால்களை முன்னாலும் பின்கால்களை பின்னாலும் நீட்டி, குதிரை அந்தரத்தில் மிதப்பதாக வரைந்துவந்தார்கள். நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும்போதுதான் அது தரையை விட்டு எழுகிறது என்று அந்தப் படங்கள் காட்டின. காலைப் பற்றிய பொய் அத்தோடு ஒழிந்தது. முகத்தைப் பற்றிய பொய்யை இன்னும் நாம் கையில் கேமராவை வைத்துக்கொண்டே பரப்புகிறோம். எனக்கு ஆறாதது இதுதான்.

பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று கேட்காதீர்கள். குதிரைக்குத் தெரிகிறது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் இரண்டு தீவன வாளிகளை வைத்து, ஒரு வாளியை நோக்கித் தலை திரும்பிய குதிரையின் முழு அளவுப் புகைப்படம் ஒன்றை நடுவில் நிறுத்தினார்கள். அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகள் பெரும்பாலும் படத்திலிருந்த குதிரை பார்த்த வாளியைத் தேடிப் போயின. படத்தில் காதுகளையோ கண்களையோ மறைத்திருந்தபோது அந்தத் தேர்வு குருட்டாம்போக்காகிவிட்டது. ஒரு புகைப்படத்தில் காது எங்கே திரும்பியிருக்கிறது என்று குதிரையே படிக்கிறது. எடுக்கிற நாம் படிக்க வேண்டாமா?

இப்போது உங்கள் முதல் படம், தோற்றுப்போனதென்று அனுப்பிய அதே படம். தலை தாழ்ந்திருக்கிறது. கீழுதடு தளர்ந்திருக்கிறது. ஒரு பின்னங்கால் குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி இளைப்பாறுகிறது. இடது காது உங்கள் பக்கம் இருக்கிறது. வலது காது வேலியோரம் நிற்கும் குட்டியின் பக்கம். காதுகள் தனித்தனியே திரும்பும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சங்கதியைக் கேட்டுக்கொண்டிருக்கும். உங்களையும் குட்டியையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டு, உங்களை நம்பிக் காலை மடக்கி நிற்கிற குதிரை அது. காது "சரிந்துவிட்டது" என்று எழுதிவிட்டீர்களே! பக்கவாட்டில் தளர்ந்த காது வேறு, கழுத்தோடு ஒட்டிப் பின்னால் மடங்கிய காது வேறு. இரண்டாவதைக் கண்டால் விலகிப்போங்கள், கடிக்கும் அல்லது உதைக்கும். முதலாவது உங்களுக்குக் கிடைத்த மரியாதை. மிக நல்ல படம் நண்பரே, அதை அழித்துவிடாதீர்கள்.

நிமிர்ந்த காதும் வேண்டும்தான், மறுக்கவில்லை. அது தானாக நிமிரும். தீவனம் கொண்டுவருகிறவரின் காலடி கேட்டால் நிமிரும், இன்னொரு குதிரை திடலுக்குள் நுழைந்தால் நிமிரும். யார் எப்போது எந்தப் பக்கமாக வருவார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்கு வாகான இடத்தில் முன்கூட்டியே போய் நில்லுங்கள். கேமராவைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் குதிரையே உங்களை மோப்பம் பிடிக்க வரும். குடை பலிக்காமல் போனதற்கும் காரணம் உண்டு. அதில் ஆபத்தில்லை என்று அது கற்றுக்கொண்டது. இன்னொரு பெரிய பயத்தைத் தேடிப் போகாதீர்கள்.

மற்றவை சிறிய காரியங்கள். தலை பெருப்பது நீங்கள் மிகக் கிட்டத்தில் நிற்பதால்; பின்வாங்கி, லென்ஸின் குவியத்தூரத்தை நூறு மில்லிமீட்டருக்கு மேல் வைத்து, கேமராவைக் குதிரையின் தோள் மட்டத்துக்குத் தாழ்த்தி எடுங்கள். கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். கறுப்புக் குதிரைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறையுங்கள், வெள்ளைக்குக் கூட்டுங்கள். உச்சிவெயிலில் கண்குழி இருண்டுவிடும், காலையும் மாலையும் போதும். கணினித் திருத்தத்தைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. லென்ஸ் இப்போது வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதே நூற்றைத் தாண்டுகிறது என்று படத்தோடு வந்த விவரமே சொல்கிறது.

அடுத்த முறை எழுதும்போது ஒரே ஒரு படம் அனுப்புங்கள். அந்த நேரத்தில் இரண்டு காதுகளும் எந்தெந்தப் பக்கம் திரும்பியிருந்தன, அங்கே என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.