துருவில் மின்சாரம் எடுக்கலாமா? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சூரிய மின்கலம் பற்றிய உங்கள் கட்டுரையில் டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் எலக்ட்ரானைக் கடத்தும் அடுக்குகளாக மட்டுமே வருகின்றன. இரும்புத் துருவும் உலோக ஆக்சைடுதானே? நிறம் இருப்பதால் ஒளியை உறிஞ்சுகிறது. மலிவு, நஞ்சும் இல்லை. ஏற்கெனவே துருப்பிடித்தது, இனிக் கெட என்ன இருக்கிறது? அதிலேயே ஏன் சோலார் பேனல் செய்யக்கூடாது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிறத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தது மிகச் சரி. டைட்டானியம் டை ஆக்சைடில் எலக்ட்ரானை எழுப்ப 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எந்த ஒளியிலும் அவ்வளவு கிடையாது, அதனால்தான் அது வெள்ளை. துருவின் சிவப்புக்குக் காரணமான ஹேமடைட்டுக்கு ஏறக்குறைய 2.1 போதும். நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிடும்.

ஆனால் விழுங்குவது பாதி வேலைதான். எழுந்த எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் மறுபடி சேர்ந்து அழிவதற்குள் ஆளுக்கொரு பக்கம் வெளியேற வேண்டும். நல்ல சிலிக்கானில் அவை நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் போகும். ஹேமடைட்டில் துளை போவது 2 முதல் 4 நானோமீட்டர்தான். ஒளியை முழுக்கப் பிடிக்கவோ சில நூறு நானோமீட்டர் கனமாவது வேண்டும். ஆக, பிறந்ததில் பெரும்பகுதி உள்ளேயே மடிகிறது. ஆக்சைடுகளில் இது அடிக்கடி நடப்பது. மின்னூட்டம் தன்னைச் சுற்றியுள்ள அயனிகளை லேசாக இழுத்தும் தள்ளியும் தனக்கே ஒரு குழி பறித்து அதில் உட்கார்ந்துவிடுகிறது. இதைப் போலரான் என்கிறார்கள். அப்புறம் குழிக்குக் குழி தாவித்தான் நகர வேண்டும்.

நான் நம்பிக்கை வைத்திருப்பது செம்பும் ஆக்சிஜனும் சேர்ந்த குப்ரஸ் ஆக்சைடின் மீது. செப்புத் தகட்டை மின் அடுப்பில் அரை மணி நேரம் சூடாக்கினேன். முதலில் ஆரஞ்சும் ஊதாவுமாக நிறங்கள் ஓடின, பிறகு வெல்வெட் போலக் கறுத்தது. மெதுவாக ஆறவிட்டபோது கறுப்புச் செதில்கள் படபடவென்று தெறித்தன. அடியில் இருந்த செம்மைதான் குப்ரஸ் ஆக்சைடு. அதையும் ஒரு சுத்தமான செப்புத் தகட்டையும் ஒன்றையொன்று தொடாமல் உப்புநீரில் நிறுத்தி மைக்ரோஅம்மீட்டரை இணைத்தேன். வெயிலில் முள் ஏறியது, கையால் மறைத்ததும் இறங்கியது. சிலிக்கான் மின்கலம் வந்தது 1954இல். இந்தச் செப்பு ஆக்சைடு 1920களிலேயே மின்திருத்தியாக, அதாவது மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் கருவியாகப் பயன்பட்டது.

அப்படியானால் ஏன் பின்தங்கியது? குப்ரஸ் ஆக்சைடு இயல்பாகவே பி-வகை, அதாவது அதில் மின்னோட்டத்தைச் சுமப்பவை பெரும்பாலும் துளைகள். அதை எலக்ட்ரான்கள் சுமக்கும் என்-வகையாக மாற்றுவது மிகக் கடினம், எனவே எலக்ட்ரானையும் துளையையும் பிரிக்கும் பி-என் சந்திக்கு வேறொரு பொருளைத் தேட வேண்டும். அங்கேதான் சிக்கல். கெட என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். துருவுக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. அலுமினியம் படிந்தால் அதன் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு வெறும் செம்பை விட்டுவைக்கும். ஆக்சிஜன் கூடினால் கறுப்பு ஆக்சைடாகிவிடும். கோட்பாட்டளவில் வெயிலின் ஆற்றலில் 20 சதவீதம் வரை மின்சாரமாகத் தரவேண்டிய பொருள், பல பத்தாண்டுகள் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை. 2016இல் ஜப்பானின் கனசாவா தொழில்நுட்பக் கழகத்தில் மினாமி குழுவினர் ஜெர்மானியம் கலந்த துத்தநாக ஆக்சைடைத் துணையாக வைத்து 8.1 சதவீதம் எட்டினார்கள். உறிஞ்சும் பொருள் அதேதான். மாறியது பெரும்பாலும் அது தொடும் பக்கம். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. 2021இல் தோஷிபா ஒளி ஊடுருவும் குப்ரஸ் ஆக்சைடு மின்கலத்தில் 8.4 சதவீதம் அறிவித்தது. அதைச் சிலிக்கானுக்கு மேலே வைத்தால், அது விடும் சிவப்பையும் அகச்சிவப்பையும் கீழே சிலிக்கான் எடுத்துக்கொள்ளும்.

சரி, உங்கள் துரு? அதைக் கூரைப் பலகையாக நான் எதிர்பார்க்கவில்லை. ஒளியால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆய்வில் அதற்கு நல்ல இடம் உண்டு. நுண்ணிய முட்செடி போல வளர்த்தால், தண்ணீர் கிளைகளுக்கிடையே புகுந்து நிற்கும். துளை 4 நானோமீட்டர் போனாலே தண்ணீரைத் தொட்டுவிடும்.