கோவாத் தெருவில் செங்கல் வீடு

கேள்வி: ஸ்காபரோவில் 22 வருடமாக இருக்கிறோம். பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள். கார் இல்லாமல் நடந்தே எல்லாம் பார்க்கக்கூடிய, ரொறன்ரோ நடுநகரை ஒட்டிய கபேஜ்ரவுனில் விக்டோரியா காலத்து வீடு வாங்க எனக்கு ஆசை. பழைய வீடு காசை விழுங்கும் என்கிறார் இவர். நீங்கள் அங்கேயே இருப்பவர், என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: அக்கா, உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. கனடா வந்த புதிதில் நாங்கள் இருந்தது பக்கத்திலுள்ள சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டடத்தில். வேலை இல்லாத நாட்களில் வெல்லஸ்லி வீதியைக் கடந்து இந்தத் தெருக்களில் நடப்பேன். அயர்லாந்திலிருந்து ஏழைகளாய் வந்தவர்கள் முற்றத்தில் கோவா (முட்டைக்கோஸ், ஆங்கிலத்தில் கபேஜ்) நட்டதால் கபேஜ்ரவுன் என்று பெயர் வந்ததாம். எங்கள் ஆட்கள் ஜன்னலோரச் சாடியில் கறிவேப்பிலையைக் காப்பாற்றியதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது பாலுக்கும் மருந்துக்கும் பார்லிமென்ட் வீதி. தூரம் போக கார்ல்ரன் வீதியில் 506 ஸ்ரீட்கார். பேரப்பிள்ளைகள் வந்தால் ரிவர்டேல் பண்ணையில் மாடு, ஆடு பார்க்கலாம், காசு இல்லை.

சரி, அத்தான் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்தக் காலத்துச் செங்கல் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியது. சுவரின் ஈரம் அந்தச் சாந்து வழியாக வெளியேறும். எங்கள் முன்சுவர் இடுக்குகளில் முன்பு இருந்தவர் சீமெந்து அடைத்திருந்தார். ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கி, பனிக்காலத்தில் உறைந்து, செங்கலின் முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. அதைச் சுரண்டி எடுத்துத் திரும்பச் சுண்ணாம்பு வைக்க ஒரு கோடை முழுக்கப் போயிற்று. ஆகவே வீடு பார்க்கும்போது அலங்காரக் கூரையை அண்ணாந்து பார்க்காதீர்கள், முதலில் செங்கல் இடுக்கைப் பாருங்கள்.

அப்புறம் மின்கம்பி. பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய பழைய கம்பி (knob-and-tube) இன்னும் இருந்தால் காப்புறுதி கிடைப்பது கஷ்டம். படியும் ஒடுக்கம், செங்குத்து. முழங்கால் நோவு இருந்தால் யோசியுங்கள்.

பாரம்பரியப் பகுதி என்பதால் தெருவிலிருந்து தெரியும் பகுதியை மாற்ற நகரசபையின் அனுமதி வேண்டும். உள்ளே குசினியை மாற்றுவது உங்கள் விருப்பம். சிலருக்கு இது தொல்லை. எனக்கு நிம்மதி. தெற்கே இருந்த இதே மாதிரி வீடுகளை 1940களின் இறுதியில் இடித்துத்தான் ரீஜென்ட் பார்க் என்ற அரச குடியிருப்பைக் கட்டினார்கள்.

கோடையில் வந்து மயங்காதீர்கள். மார்ச்சில், பனி உருகும் கிழமை வாருங்கள். பேஸ்மென்ட்டில் ஈர மணம் வருகிறதா என்று பார்க்க அதுதான் நேரம். அத்தானையும் கூட்டி வாருங்கள், நானும் கூட வருகிறேன்.