அலுவலகத்தில் 140 கம்ப்யூட்டர்களுக்கு மென்பொருள் அப்டேட்டைச் சீக்கிரம் போட்டு முடிப்பது எப்படி?

உங்களிடம் டொமைன் (எல்லா கம்ப்யூட்டர்களையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இருக்கிறது, ஆனாலும் நீங்களும் இன்னொருவரும் பென் டிரைவோடு சீட் சீட்டாகப் போகிறீர்கள், ஒரு சுற்று முடிய இரண்டு வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிண்டியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் அலைந்தேன். தி.நகர் கிளையையும் சேர்த்து 160 கம்ப்யூட்டர்கள். இப்போது அதே வேலை பெரும்பாலும் என் சீட்டிலிருந்தே முடிகிறது. அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

டொமைன் இருப்பதால் நீங்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. எம்எஸ்ஐ (விண்டோஸின் ஒரு வகை இன்ஸ்டால் ஃபைல்) வடிவில் கிடைக்கும் மென்பொருளை ஒரு ஷேர் ஃபோல்டரில் வைத்து, டொமைனில் எல்லா மிஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து கட்டளை கொடுக்கும் குரூப் பாலிசியில் கம்ப்யூட்டருக்கு அஸைன் செய்தால், மிஷின் ஆன் ஆகும்போதே, யாரும் லாகின் செய்வதற்கு முன்பே, அது இன்ஸ்டால் ஆகிவிடும். இங்கே எல்லோரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் ஃபோல்டரைத் திறப்பது ஆள் அல்ல, கம்ப்யூட்டர். அதனால் யூசர்களுக்கு அனுமதி கொடுத்தால் போதாது, 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்குப் படிக்கும் அனுமதி வேண்டும். பாதையையும் டிரைவ் எழுத்தில் கொடுக்காமல் சர்வர் பெயரோடு முழுதாகக் கொடுங்கள். அப்புறம், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால் ஷட் டவுன் செய்து ஆன் செய்வது முழு பூட் ஆகாது, பாலிசி ஓடாமலே போகலாம். அதை அணைத்துவிடுங்கள். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

எம்எஸ்ஐ இல்லாத மென்பொருளுக்கு, கேள்வி கேட்காமல் இன்ஸ்டால் ஆகும் சைலண்ட் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அதை, மிஷின் ஆன் ஆகும்போது தானாக ஓடும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் போட்டு, முடிவில் வரும் எண்ணை ஒரு ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். எம்எஸ்ஐ என்றால் 0 வந்தால் சரி, 3010 என்றால் ரீஸ்டார்ட் பாக்கி, 1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, 1603 என்றால் இன்ஸ்டால் தோற்றுவிட்டது, நீங்கள் உட்கார்ந்து லாக் (இன்ஸ்டால் பதிவு ஃபைல்) பார்க்க வேண்டியதுதான்.

விண்டோஸ் அப்டேட்டை 140 மிஷினும் தனித்தனியாக நெட்டிலிருந்து இழுக்க விடாதீர்கள். ஒரு ஜிபி அப்டேட் என்றால் 140 ஜிபி. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் வேறு யாரும் நெட்டைத் தொடாவிட்டாலும் 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விண்டோஸிலேயே இருக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷனை ஆன் செய்தால் பக்கத்து மிஷினிடமிருந்தே வாங்கிக்கொள்ளும்.

சரி, இதெல்லாம் அப்டேட்டை மிஷின்களுக்குத் தள்ளுகிற, அதாவது அனுப்புகிற, வழி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, முதலில் யாருடைய மிஷினில் போடுகிறோம் என்பது.

2019இல் ஒரு மாதம் 18ஆம் தேதி சாயங்காலம் ஜாவாவின் புதிய பதிப்பை எல்லோருக்கும் ஒரேயடியாகத் தள்ளினேன். பழையதை நீக்கவும் சொல்லிவிட்டேன். அதற்கு முன் எங்கள் ஐடி அறையில் இரண்டு மிஷினில் போட்டுப் பார்த்ததுதான், நன்றாக ஓடியது. 20ஆம் தேதி காலை ஜிஎஸ்டி பார்க்கும் அக்கா போன் செய்தார்: "தம்பி, டோக்கன்ல லைட் எரியுது, ஆனா சர்டிபிகேட் வரவே மாட்டேங்குது. இன்னிக்கு 3பி கடைசி நாள்." டோக்கன் என்பது டிஜிட்டல் கையொப்ப சர்டிபிகேட் இருக்கும் யூஎஸ்பி கருவி, 3பி என்பது ஜிஎஸ்டி ரிட்டர்ன். கையொப்ப மென்பொருள் பழைய ஜாவாவைத்தான் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் அறையில் டோக்கன் செருகிய மிஷின் ஒன்றுகூடக் கிடையாது, அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை. 14 மிஷினில் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டோம். கடைசி ரிட்டர்ன் போனபோது ராத்திரி ஒன்பதரை. அந்த அக்கா வீடு தாம்பரத்தில். அவரை அவ்வளவு நேரம் உட்கார வைத்ததற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

அதற்குப் பிறகு முதல் குழு பத்து மிஷின் என்று வைத்துக்கொண்டேன். அந்த அக்காவின் சீட், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மாட்டிய சீட், இருப்பதிலேயே பழைய 4 ஜிபி ராம் மிஷின், தி.நகரில் ஒன்று என்று ஆளுக்கொரு மாதிரி. சம்பந்தப்பட்டவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடும் அப்டேட் நமக்கு ராத்திரி பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ வரும். அதில் என்ன இருக்கிறது என்று புதன் படிப்பேன், வியாழன் பத்து மிஷின், திங்கள் முப்பது, அந்த வாரத்துக்குள் மீதி. நடுவில் 20ஆம் தேதி வந்தால் மீதியை 21க்குத் தள்ளுவேன்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. அந்த வகை அப்டேட்டை அவர்கள் படிப்படியாக விடாமல் எல்லோருக்கும் ஒன்றாக விட்டதால்தான் அவ்வளவு சேதம். அதற்காக மாதக்கணக்கில் தள்ளியும் போடாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை தாக்கியபோது, அதைத் தடுக்கும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) மார்ச் மாதமே வெளியாகியிருந்தது.

இப்படிச் செய்தும் மாதம் நாலைந்து மிஷின் மிஞ்சும். பையிலேயே கிடக்கும் லேப்டாப், ஷட் டவுன் செய்யாமல் யூபிஎஸ் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறவர்களின் சீட். அவற்றுக்கு இன்றும் பென் டிரைவோடு நேரில்தான் போகிறேன். போகும்போது புதிதாக ஏதாவது டோக்கனோ பிரிண்டரோ மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்து வருவேன். இருந்தால் அடுத்த மாதத்துப் பத்தில் அந்த சீட்டும் ஒன்று.