சர்வர் பாதுகாப்புச் சோதனையைத் தானாக ஓடவிடுவது: கேள்வி பதில்

உபுண்டு, டெபியன் என்ற இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களையும் மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன். வந்த கேள்விகள் பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

கேள்வி: அண்ணா, ஒரு சின்னக் கடையின் தளத்துக்காக ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கிறேன். முதலில் எதைத் தானாக நடக்கவிடலாம்?

அப்டேட்டை. மற்றதெல்லாம் அப்புறம். அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற பேக்கேஜ் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானே இறக்கி நிறுவிவிடும். உபுண்டு சர்வரில் அது ஏற்கெனவே இருக்கும். ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் மாறினால் ரீபூட் வேண்டும், தானாக ரீபூட் ஆகும் வசதியோ முதலில் அணைந்தே இருக்கும். பேக்கேஜ் பட்டியலில் எல்லாம் புதுசாகத் தெரியும், ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னலாக இருக்கும். கடைத் தளம்தானே, விடியற்காலை நான்கு மணிக்கு ரீபூட் ஆகும்படி அமைத்துவிடுங்கள் தம்பி.

கேள்வி: சர்வரின் பாதுகாப்பைச் சோதிக்கும் லைனிஸ் கருவியை ஓட்டினேன். அதன் பாதுகாப்பு மதிப்பெண்ணான ஹார்டனிங் இண்டெக்ஸ் 62 வந்தது. 90க்கு மேல் கொண்டுபோவது எப்படி?

90 எதற்கு? லாகின் திரையில் எச்சரிக்கை வாசகம் போட்டாலே எண் கொஞ்சம் ஏறும். போர்டைப் படித்துவிட்டுத் திருடன் திரும்பிப் போகப் போவதில்லை. லைனிஸ் எச்சரிக்கை, பரிந்துரை என இரண்டு வகையாகச் சொல்லும். எச்சரிக்கைகளை முதலில் தீர்த்துவிடுங்கள். பிறகு குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் வாரம் ஒருமுறை ஓடவிட்டு, அறிக்கையிலுள்ள எச்சரிக்கை வரிகளைப் போன வார வரிகளோடு ஒப்பிட்டு, புதிதாக வந்தவற்றை மட்டும் மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். முழு அறிக்கையையும் ஒப்பிட்டால் தேதியும் நேரமும் மாறியதற்கெல்லாம் மெயில் வரும்.

கேள்வி: டெபியன் 12 புதிதாக நிறுவினேன். திரும்பத் திரும்பத் தவறாக லாகின் செய்யும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் தொடங்கவே மாட்டேன் என்கிறது.

டெபியன் 12இல் லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வருவதில்லை. ஃபெயில்டுபேன் தேடும் லாக் கோப்பே அங்கே கிடையாது, பதிவுகள் சிஸ்டம்டியின் ஜர்னலில் இருக்கின்றன. தொலைவிலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்எச்சுக்கான ஜெயிலில் (ஃபெயில்டுபேனின் விதித்தொகுதி), பதிவுகளைப் படிக்கும் வழியான பேக்எண்டை ‘சிஸ்டம்டி’ என்று மாற்றுங்கள். பாஸ்வேர்டு லாகினை மூடி, கீ மட்டும் போதும் என்று வைத்துவிட்டால் ஃபெயில்டுபேனின் அவசியமே பாதி குறைந்துவிடும்.

கேள்வி: யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 22, 80, 443 போர்ட்டுகள் மட்டும் திறந்திருக்கின்றன. வாராவாரம் அதை ஒரு ஸ்கிரிப்ட் சரிபார்க்கிறது. போதுமா சார்?

டாக்கர் (நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) சர்வரில் இருந்தால் அது போதாது. கண்டெய்னரின் போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால் டாக்கர் லினக்ஸின் ஃபயர்வால் விதிகள் இருக்கும் ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். வெளியிலிருந்து வருவது யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தொடாமலே உள்ளே போய்விடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 5432 போர்ட் ஊருக்கே திறந்து கிடக்கும், உங்கள் ஸ்கிரிப்ட் ‘எல்லாம் சரி’ என்று மெயில் போடும். வெளியே தெரிய வேண்டாத போர்ட்டைச் சர்வருக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1 முகவரியில் மட்டும் கட்டுங்கள். சோதனையை வேறொரு கணினியிலிருந்து செய்யுங்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் வைத்து 65,535 டிசிபி போர்ட்டுகளையும் பார்த்து, திறந்திருக்க வேண்டியவற்றின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஐபிவி6 முகவரி இருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

கேள்வி: ரூட்கிட் என்ற ஒளிந்திருக்கும் தீய நிரல்களைத் தேடும் ஆர்கேஹண்டர் தினமும் ஓடுகிறது. சர்வர் சுத்தம் என்று நம்பலாமா?

நான் நம்பமாட்டேன். அதன் 1.4.6 பதிப்பு வந்தது 2018இல். அதைவிட, ரூட் உரிமை (முழு நிர்வாக உரிமை) கிடைத்தவன் அந்தக் கருவியையே மாற்றிவிடலாம். கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்க எய்டு என்ற கருவியைப் போடுங்கள், அதன் அடிப்படைத் தரவுத்தளத்தைச் சர்வருக்கு வெளியே வையுங்கள். ஆனால் எல்லாக் கோப்புகளையும் கண்காணிக்கச் சொன்னால், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நீளநீளமாக மெயில் வந்து கடைசியில் யாரும் படிக்கமாட்டீர்கள். அமைப்புக் கோப்புகள், எஸ்எஸ்எச் கீகள், தளத்தின் நிரல் ஆகியவை போதும்.

கேள்வி: இரண்டு மாதமாக எந்த எச்சரிக்கை மெயிலும் வரவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஸ்கிரிப்ட் செத்துப்போயிருந்தாலும் மெயில் வராதே! டிஸ்க் நிரம்பியிருக்கலாம். கையால் ஓட்டும்போது ஓடிய கட்டளை, க்ரானின் சுருக்கமான பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) காரணமாக அங்கே கிடைக்காமல் போகலாம். மெயில் வெளியே போகும் 25ஆம் போர்ட்டைப் பல கிளவுட் நிறுவனங்கள் அடைத்து வைத்திருப்பதால் மெயில் சர்வரைத் தாண்டாமலே இருக்கலாம். அதனால் ஏற்பாட்டைத் திருப்பிப் போடுங்கள்: சோதனை வெற்றிகரமாக முடிந்தால் மட்டும் ஸ்கிரிப்ட் வெளியிலுள்ள கண்காணிப்புச் சேவை ஒன்றின் இணைய முகவரியைத் தட்டட்டும். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அந்த வெளிச் சேவை உங்களைக் கூப்பிட வேண்டும். அவ்வப்போது நீங்களே கண்காணிப்பிலுள்ள கோப்பு ஒன்றில் ஒரு வரியை மாற்றி, மெயில் வருகிறதா என்று பாருங்கள். எந்தக் கருவியை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: தளத்தின் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் காலாவதியாவதற்கு முன், அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டே மெயில் அனுப்புமே?

2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். தளம் உண்மையில் காட்டும் சான்றிதழின் தேதியை வெளியிலிருந்து பாருங்கள். கோப்பு புதுப்பிக்கப்பட்டிருக்கும், வெப் சர்வரான என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாததால் பழையதே போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: இதெல்லாம் இருந்தால் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் ஒளித்து வைக்கப்பட்ட பின்கதவு மாதிரி ஒன்றைப் பிடித்திருக்க முடியுமா?

முடியாது. அது 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள்ளேயே வைத்து அனுப்பப்பட்டது, அதாவது அப்டேட் வழியாகவே வந்திருக்கும். 2024 மார்ச்சில், எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் தோண்டிப் பார்த்ததால்தான் வெளிவந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது நுழைந்திருக்கவில்லை. செய்தி வந்த அன்று எல்லாரும் கேட்டது ‘நம்மிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது’ என்பதைத்தான். ஒவ்வொரு சர்வரின் பேக்கேஜ் பட்டியலையும் தினமும் வெளியே சேமிக்க க்ரானில் ஒரு வரி போதும். அது இருந்தால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.