தீவுக்கு வருகிற பிள்ளைகளுக்கு: டீச்சர் பதில்கள்

கோடை விடுமுறையில் வெளியூர்த் தேவாலயப் பங்குகளிலிருந்து இளையோர் குழுக்கள் பாம்பன் தீவுக்குச் சேவைக்கு வருவதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். ‘வாருங்கள், ஆனால் நாங்கள் கேட்கிற வேலையைச் செய்ய வாருங்கள்’ என்பதுதான் சாரம். வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி கேள்வி. கோபத்தையெல்லாம் ஃபாதரிடம் கொடுத்துவிட்டேன். கேள்விகளுக்கு இங்கே பதில். என்னைத் தெரியாதவர்களுக்கு: தங்கச்சிமடத்துக்காரி, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், மே மாதத்தில் இந்தக் குழுக்களுக்குச் சோறும் வேலையும் பிரித்துக் கொடுப்பவள்.

டீச்சர், மே மாதம் இருபது பேர் வரலாம் என்று இருக்கிறோம். அப்போது மீனவர்கள் எல்லாரும் கடலுக்குப் போயிருப்பார்களே, யாரோடு வேலை செய்வது?
– இளையோர் குழுச் செயலாளர், திண்டுக்கல்

போயிருக்க மாட்டார்கள் தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று 61 நாள் கட்டிப் போடுவார்கள். முன்பு 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் கரையோரமாகப் போய் வருவார்கள். மற்றப்படி ஆண்கள் வீட்டில்தான் இருப்பார்கள். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், வலையைச் சரிபார்ப்பார்கள். எல்லாமே செலவு, வரவு கிடையாது. அரசாங்கம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2023-இல் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்து 5,000-லிருந்து உயர்த்தினார்கள். இரண்டு மாதத்துக்கு 8,000 என்றால் எப்படி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் வருகிற நேரத்தில் ஊரில் ஆள் இருக்கும், காசு இருக்காது. எங்கள் ஜனங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், விருந்தாளிக்கு மீன் வைக்காமல் இருக்கமாட்டார்கள். தடைக்காலத்தில் சூடை மீன்கூட விலை ஏறிக் கிடக்கும். கடன் வாங்கியாவது குழம்பு வைப்பார்கள். அதனால் வீடு வீடாகச் சாப்பாடு வேண்டாம். அரிசி பருப்பை நீங்களே கொண்டு வாருங்கள், மகளிர் குழுப் பெண்கள் சமைப்பார்கள், அவர்களுக்குக் கூலி கொடுங்கள். மீன் இல்லையா என்று யாரும் கேட்கக் கூடாது.

போன வருடம் ஒரு மலைக்கிராமத்தில் பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் படம் வரைந்தோம். உங்கள் ஊரிலும் அப்படி ஏதாவது கட்டடம் இருக்கிறதா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

கட்டடம் இருக்கிறதம்மா, பெயின்ட்தான் நிற்காது. உப்புக் காற்று. ஒரு குழு வந்து எங்கள் படிப்பறைக்கு நல்ல நீலம் அடித்து, டால்பின் எல்லாம் வரைந்துவிட்டுப் போனது. ஐப்பசி மழை முடிந்தபோது டால்பினுக்கு வாலைக் காணோம். சுண்ணாம்பு அடிக்க எங்களுக்கே தெரியும்.

நீ கல்லூரியில் படிக்கிறவள் என்பதால் சொல்கிறேன், எங்களுக்கு வேண்டிய வேலை வேறு. அதில் ஒன்று காகித வேலை. தடைக்கால நிவாரணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆதாரில் ‘அந்தோணி’ என்றிருக்கும், பாஸ்புக்கில் ‘ஆண்டனி’ என்றிருக்கும், ரேஷன் கார்டில் அப்பா பெயரும் தன் பெயரும் ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒரு ஆள் இருப்பார். பணம் வராது. ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு நாள், திருத்த மனுக் கொடுக்க ஒரு நாள், ஓடிபி வருகிற செல்போன் நம்பர் மாறிப் போயிருந்தால் அதற்கு ஒரு நாள். இதைத் தவிர சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மீனவர் 1,500 கட்டினால் அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ஆகத் திரும்பி வரும். மீனவர் நலவாரியத்தில் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. எல்லாவற்றுக்கும் படிவம், ஜெராக்ஸ், வரிசை. ஒரு திண்ணையில் இரண்டு பேர் லேப்டாப்போடு காலையிலிருந்து உட்கார்ந்தால் போதும், தெருவே வந்து நிற்கும். ஒரு நிபந்தனை: யாருடைய ஆதாரையும் உங்கள் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிட வேண்டும்.

அடுத்தது கணக்கு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே மாதம் வந்துவிடும். தவறியவர்களுக்குப் பள்ளி திறந்த பிறகு துணைத்தேர்வு. இடையில் கிடைக்கிற இந்த நாட்கள்தான் எனக்கு முக்கியம். கணக்கில் தவறிய பையன் இந்த நாட்களில் சும்மா இருந்தானென்றால் ஜூன் 15-ஆம் தேதி படகு ஏறிவிடுவான். அதற்கப்புறம் அவனைப் பெஞ்சில் உட்கார வைக்க என்னால் முடியாது. டீசல், ஐஸ் செலவு கழித்துப் பங்கு பிரிப்பதை மனக்கணக்காகவே சொல்கிற பிள்ளைக்கு எக்ஸ், ஒய் என்றால் பயம். பயத்தைப் போக்கப் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்தால் போதும், என்னைப் போல முப்பது வருடம் அதட்டியவள் வேண்டாம். ஒரு அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். படம் எடுத்துப் போட இதில் ஒன்றும் இருக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் வர ஆசைப்படுகிறாள். தங்குமிடம், குளிக்க வசதி, பாதுகாப்பு எல்லாம் எப்படி?
– ஒரு தாய், திருச்சி

பெண் பிள்ளைகளுக்குச் சிஸ்டர்கள் மடம், பையன்களுக்குப் பங்கு மண்டபம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் வெளியே போவதில்லை. துணைக்கு உங்கள் பங்கிலிருந்து பெரியவர் ஒருவர், பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் ஒருவர், கட்டாயம் வர வேண்டும். அப்படி வராத குழுவை நான் ரயிலடியிலிருந்தே திருப்பி அனுப்பச் சொல்வேன். ரயில் பழையபடி ராமேஸ்வரம் வரைக்கும் ஓடுகிறது. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறக்கிற வரையில் மண்டபம் ஊரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். சுற்றிலும் கடல் என்றாலும் இந்தத் தீவில் நல்ல தண்ணீர் மணலுக்கடியில்தான். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் போட்டு வெளியூருக்கெல்லாம் அனுப்புகிறோம் என்றால் அந்த மணல் தண்ணீரின் தயவுதான். தனுஷ்கோடிப் பக்கம் இன்றைக்கும் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிறைக்கிறார்கள். ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். உங்கள் மகள் ஒரு வாளியில் குளிக்கப் பழகிக்கொண்டு வரட்டும். தலைக்கு ஷாம்பு போட்டுவிட்டு இரண்டாவது வாளி கேட்கிற பிள்ளைகளைச் சிஸ்டருக்குப் பிடிக்காது.

சேவைச் சான்றிதழ் தருவீர்களா?
– இன்ஜினியரிங் மாணவர், மதுரை

தருவோம். உங்கள் கணக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டினார்கள் என்பதையும் அதில் எழுதித் தருவோம்.

கடல்பாசி எடுக்கும் பெண்களோடு ஒரு நாள் கடலில் இறங்கி வேலை பார்த்து, குறும்படம் எடுக்க விரும்புகிறோம்.
– காட்சித் தொடர்பியல் மாணவர்கள், சென்னை

கடலில் இறங்க வேண்டாம். அவர்கள் விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பு மாட்டி, மூச்சடக்கிப் பாறையில் இருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்குகிறவர்கள். சிறுபிள்ளையாக இருக்கும்போதே பழகியது. உங்களுக்கு முதல் முக்கிலேயே கையைக் கிழித்துவிடும், பிறகு அவர்கள் வேலையை விட்டுவிட்டு உங்களைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

படத்தைப் பற்றி: ஈரச் சேலையோடு கரையேறுகிற பெண்ணைக் கேட்காமல் படம் பிடிக்கிற பழக்கம் பெரிய பெரிய ஆட்களுக்கே இருக்கிறது. நீங்களாவது செய்யாதீர்கள். அவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள் என்ற நினைப்போடும் வராதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா என்று 1986-இல் அறிவித்த பிறகு, தலைமுறையாகப் பாசி எடுத்த இடத்துக்கே போகக் கூடாது என்று ஆகிவிட்டது. அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து அதிகாரிகளிடம் பேசினார்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015-இல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிற சீகாலஜி விருது வாங்கியவர், பள்ளிக்கூடம் போகாதவர். அவர்கள் முன்னால் உட்கார்ந்து கேட்க நேரம் இருந்தால் வாருங்கள், கேமரா பையிலேயே இருக்கட்டும். மூன்றாம் நாள் அவர்களே ‘ஏன் தம்பி படம் எடுக்கல?’ என்று கேட்பார்கள். அப்போது எடுங்கள்.

வி.பி.எஸ். (விடுமுறை விவிலியப் பள்ளி) நடத்தும்போது மற்ற மதப் பிள்ளைகளும் வருவார்களா? வந்தால் என்ன செய்வது?
– மறைக்கல்வி ஆசிரியை, தூத்துக்குடி

வருவார்கள். இந்தத் தீவில் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில்தான். பாட்டுச் சத்தமும் சாயங்காலச் சுண்டலும் இருந்தால் எல்லாப் பிள்ளையும் வரும். விவிலியக் கதை இருக்கிறது என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சரி என்றால் இருக்கட்டும், வேண்டாம் என்றால் விளையாட்டுக்கு மட்டும் வரட்டும், சுண்டல் இருவருக்கும் ஒரே அளவு. கணக்கு வகுப்பில் ஜெபம் கிடையாது. அது எல்லாருக்கும் பொதுவான இடம், அதைக் கலக்க நான் விட்டதில்லை.

இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்ட மீனவர்களின் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்ல ஒரு நாடகம் தயாரித்திருக்கிறோம். நடிக்கலாமா?
– இளையோர் குழு, தஞ்சாவூர்

நாடகம் வேண்டாம் பிள்ளைகளா. உங்கள் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் தகப்பன் யாழ்ப்பாணத்துச் சிறையில் இருக்கிற பிள்ளை தன் கதையை மேடையில் வேறொருவர் அழுது காட்டப் பார்க்க வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் திரும்பி இதன் முகத்தைத்தான் பார்க்கும். வகுப்பில்கூட ‘உங்கப்பா என்ன செய்றார்?’ என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். பெயர் கேளுங்கள், என்ன விளையாடப் பிடிக்கும் என்று கேளுங்கள். அதுவாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ‘எல்லாம் சரியாயிடும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். படகு திரும்பாவிட்டால் கடன் அப்படியே நிற்கும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண்களுக்கு மனு எழுத ஆள் தேவைப்படும், தெளிவான கையெழுத்து உள்ள ஒருவரை அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடிக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாமா?
– பெயர் போடாத நாலு பேர், கோவை

போகலாம், குளிக்கக் கூடாது. வடக்கே இருப்பது பெண் கடல், மே மாதத்தில் குளம்போலக் கிடக்கும். தெற்கே ஆண் கடல். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று கிளம்பிவிட்டால் அலை எங்கே சுழிக்கும் என்று எங்கள் பையன்களே யோசித்துத்தான் இறங்குவார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை போட்டதிலிருந்து, காரில் வந்து இறங்கி நேரே தண்ணீருக்குள் ஓடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பாழடைந்த மாதா கோயில் சுவரில் பெயர் எழுதாதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரும், பாம்பனிலிருந்து போன ரயிலும், அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களும் போனார்கள். எங்கள் பெரியவர்களில் சிலருக்கு அது சுற்றுலா இடம் கிடையாது.

கரையில் பவளப்பாறைத் துண்டு கிடக்கும், அழகாக இருக்கும், ஞாபகத்துக்கு ஒன்று பையில் போடத் தோன்றும். வேண்டாம். பவளப்பாறையும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பில் இருப்பவை. வனத்துறை பையைத் திறந்து பார்த்தால் ஃபாதர்தான் வந்து நிற்க வேண்டும்.

கடற்கரையைச் சுத்தம் செய்ய ஆசை என்றால் ஒரு வார்த்தை: குப்பை வண்டிக்கு ஊராட்சியில் முதலில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். நைலான் வலைத் துண்டையும் தெர்மாகோலையும் குவித்து, குவியலோடு போட்டோ எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால், கச்சான் அதை அப்படியே வாரிப் பாக் நீரிணையில் கொட்டும்.

இருபது பேரின் பயணச் செலவைப் பணமாக அனுப்பிவிட்டால் உங்களுக்கு அதுவே பெரிய உதவியாக இருக்காதா? உண்மையைச் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்

உண்மையைச் சொன்னால், இருபது பேருக்கு இங்கே வேலை இல்லை. கணக்கு நன்றாக வருகிற ஆறு பேர், படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு பேர், பிள்ளைகளை மேய்க்கத் தெரிந்த இரண்டு பேர் போதும். மற்ற பத்துப் பேரின் செலவை அனுப்பினால் துணைத்தேர்வுக் கட்டணத்துக்கும் கைடு வாங்கவும் ஆகும். யார் வருவது, யார் அனுப்புவது என்று நீங்களே உங்கள் பங்கில் பேசிக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் அடுத்த வருடமும் வருகிறவர்களாக இருந்தால் இன்னும் நல்லது, பெயர் கேட்டே பாதி நாள் போகாது. பழைய துணி மட்டும் அனுப்பாதீர்கள்.

எப்போது, யாருக்கு எழுத வேண்டும்?
– உபதேசியார், வேலூர்

பங்குத்தந்தைக்கு, ஜனவரியில். பிப்ரவரி, மார்ச் வாக்கில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா வந்துவிடும். ராமேஸ்வரம் வேர்க்கோடு பங்கில் போகிறவர்கள் பெயர்ப் பட்டியல், படகு, அனுமதி என்று ஓடிக்கொண்டிருப்பார்கள், உங்கள் கடிதத்தைப் பிரிக்க ஆள் இருக்காது. அதோடு தவக்காலம், உயிர்ப்புத் திருவிழா. கடிதத்தில் எத்தனை பேர் என்பதோடு, யாருக்கு எந்தப் பாடம் வரும், யாருக்குத் தமிழ் தட்டச்சுத் தெரியும் என்றும் எழுதுங்கள். கிடார் வாசிப்பவர்கள் ஏற்கெனவே நிறைய வருகிறார்கள்.